யாருக்காக எழுதும் நாட்குறிப்பு?

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில், கற்பித்தற் பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அன்றைய பாடத்தைப் பற்றிச் சுயமதிப்பீடு எழுத வேண்டியிருந்தது. விரிவுரையாளர் பார்த்துப் புள்ளியிடுவார். எனவே சரிவராத பாடத்தைப் பற்றி நாம் எவரும் எழுதவில்லை. "மாணவர் ஆர்வத்துடன் பங்குபற்றினர்" என்ற வாக்கியம் எனது கொப்பியில் எத்தனை தடவை வந்ததோ தெரியாது.

லெனாட் வுல்ஃபின் இலங்கை நாட்குறிப்புகளை வாசித்தபோது அந்தக் கொப்பிதான் நினைவுக்கு வந்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த வுல்ஃப், பதவிக் கடமையாக எழுதியவை இவை. 1962இல் நூலுருப் பெற்றன. உப்பளங்கள், சேனைப் பயிர், மாடுகளைக் கொன்ற கொள்ளைநோய், காட்டோரக் கிராமங்களின் வறுமை எல்லாம் இதில் உண்டு. 1913இல் வந்த அவரது 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' நாவலின் விதைகளையும் இங்கே காணலாம். கூர்மையான பார்வை, சிக்கனமான நடை. ஆயினும் மேலிடத்துக்குச் செல்லும் இவ்வேட்டில் பேசுபவர் உத்தியோகத்தரே. மனிதர் அபூர்வமாகவே தலைகாட்டுகிறார்.

அந்த மனிதரைக் காண, 1961இல் வெளியான அவரது சுயசரிதைப் பாகமான 'குரோயிங்' நூலுக்குப் போக வேண்டும். அம்பாந்தோட்டைக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியபோது, உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரின் முகத்தில் குதிரைச் சவுக்கால் அடித்ததாக அவர்மீது முறைப்பாடு எழுந்தது. அதை அவர் மறுக்கிறார். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. ஊரின் பிரதான வீதியில் தாம் குதிரைமேல் அமர்ந்திருந்த தோரணையே அம்மக்களுக்குக் கன்னத்தில் அறைந்தது போலத்தான் என்றும், அவர்களது மனக்கொதிப்பில் நியாயம் உண்டென்றும் ஒப்புக்கொள்கிறார். மேலிடத்துக்கு விளக்கமளிக்க "நான் அடிக்கவில்லை" என்பது போதும். தன்னைத்தானே விசாரிக்கும் எழுத்துக்கு அது போதாது.

அப்படியாயின் மேலதிகாரி பார்க்காத ஏடு தானாகவே உண்மை பேசிவிடுமா? தமிழின் பெரிய நாட்குறிப்பு ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக விளங்கிய அவர் எழுதியது, 1736 முதல் 1761 வரை நீள்கிறது. பேச்சு வழக்கோடு கலந்த தமிழ்; 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊர்பட்ட வேதனை; ஆளுநர் துய்ப்ளேயுடன் நடந்த உரையாடல்கள். நமது உரைநடைக்கு அது பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறர் தம்மைப் புகழ்ந்ததை விரிவாக எழுதும் பிள்ளை, தமது பிழையென்று ஒன்றை எழுதும் இடத்தைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தாலும், எழுதுபவன் தனக்கே நற்சான்றிதழ் வழங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

இதனை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. எமது வஹகோட்டைப் பக்கத்தில் ஜூன் மாத அந்தோனியார் திருநாள் முடிந்து ஓரிரு மாதங்களில் பெரிய வெங்காயம் பிடுங்கும் காலம் வந்துவிடும். அப்படியொரு காலத்தில் எனது மாணவன் ஒருவன் இரண்டு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. வந்த அன்று வகுப்பின் முன் நிறுத்தி ஏசினேன். அதன் பின் அவன் வரவேயில்லை. தகப்பன் படுக்கையில் இருப்பதை வேறொரு பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன். எனது பாடக்குறிப்பில் அன்றைய பாடம் "திருப்தி" என்றே இருந்தது.

அன்றிரவு பழைய கொப்பியொன்றில், "ஏன் வரவில்லை என்று அவனிடம் நான் கேட்கவில்லை" என எழுதினேன். மேலே ஒரு வரியும் ஓடவில்லை. மறுநாள் வீடு தேடிப் போனபோது அவன் தம்புள்ளைக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். எழுதியதால் அவன் திரும்பி வரவில்லை. ஆனால் விடுபட்ட பிள்ளை எவரும் திரும்பி வரும் நாளில், இப்போது முதலில் காரணத்தைக் கேட்கிறேன்.

வுல்ஃபின் இரு நூல்களையும் ஆசிரிய நண்பர்கள் அருகருகே வைத்து வாசிக்க வேண்டும். முதலாவது, கண்டதைப் பிழையின்றிக் குறிக்கக் கற்றுத்தரும். குற்றமில்லை என்று முடிந்த இடத்திலும் தன்னைக் கேள்வி கேட்பது எப்படி என்பதை இரண்டாவது காட்டும். அவருக்கு அதை அச்சில் சொல்ல அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. வகுப்பறையில் நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.