செம்பன்குஞ்ஞுவின் இரண்டாம் இளமை

‘செம்மீன்’ என்றதும் பேச்சு கறுத்தம்மா, பரீக்குட்டி காதலில் போய் நின்றுவிடும். 1956இல் தகழி எழுதிய நாவலைவிட, 1965இல் ராமு காரியாட் எடுத்த படமும் அதன் பாட்டுகளும் இதற்குக் காரணம். பெண்ணிய வாசிப்புகளும் பெரும்பாலும் கடலம்மா ஐதீகத்தையே பிடித்துக்கொண்டன. கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருப்பவளின் கற்பில் தொங்குகிறது என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்க வேண்டியதுதான். ஆனால் சுந்தர ராமசாமியின் தமிழில் நாவலை மறுபடி படிக்கும்போது எனக்கு இளம் காதலர்களைவிட, அந்தக் குடிசையில் இருக்கும் நடுவயதுத் தம்பதிதான் உறுத்துகிறார்கள். சக்கியும் செம்பன்குஞ்ஞுவும்.

செம்பன்குஞ்ஞுவின் ஆசை நியாயமாகவே தொடங்குகிறது. தோணியும் வலையும் இல்லாதவன் ஆயுள் முழுக்கப் பிறர் தோணியில் பங்குக்குப் போக வேண்டியதுதான். யார் தோணி வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்று துறைக்குள்ளேயே சாதிப் படிநிலை வேறு. அதை மீறுகிற மனிதன் மேல் வாசகருக்கு ஒரு பிரியம் வரத்தான் செய்யும். எனக்கும் வருகிறது.

அந்தத் தோணி எதனால் ஆனது? சக்கி தலைச்சுமையாக மீன் கூடையைக் கிழக்கே கொண்டுபோய் விற்றுச் சேர்த்த காசு அதில் இருக்கிறது. பரீக்குட்டி கொடுத்த பணமும் கருவாடும் இருக்கின்றன. திருப்பித் தரும் எண்ணம் செம்பன்குஞ்ஞுவுக்கு இல்லை. மகள்மேல் அந்தப் பையனுக்குள்ள பிரியம்தான் அங்கே ஈடு; அடகு வைக்கப்பட்டது தான் என்பது கறுத்தம்மாவுக்குப் புரிகிறது. தோணி வந்தபின் மீன் வாங்க வரும் பரீக்குட்டியிடம் ரொக்கம் இருக்கிறதா என்று கேட்கிறான் செம்பன்குஞ்ஞு. மகளின் நடத்தை பிசகினால் பொங்கி எழும் கடலம்மா, இதற்கு ஒரு அலையைக்கூட எழுப்புவதில்லை. கற்புக்கு ஐதீகம் உண்டு, கடனுக்கு இல்லை. அந்தக் கடனை மனசில் சுமப்பவர்கள் தாயும் மகளும்தான்.

தோணி வாங்கப்போன கண்டன்கோரன் வீட்டில் செம்பன்குஞ்ஞு வேறொன்றையும் பார்த்துவிடுகிறான். அங்கே கணவனும் மனைவியும் வயதை மறந்து கொஞ்சிக்கொள்கிறார்கள். பாப்பிக்குஞ்ஞு தளதளவென்று இருக்கிறாள். தானும் அப்படிச் சுகப்பட வேண்டும், சக்கியும் உடம்பு தேறி அப்படி ஆக வேண்டும் என்று வீட்டில் வந்து சொல்கிறான். சக்கி கூச்சத்தோடு கேலி செய்கிறாள். நாவலின் மிகத் துயரமான இடம் எனக்கு இதுதான். கூடை சுமந்து வற்றிய உடம்பைப் பார்த்து, அந்தக் கூடையால் முன்னேறியவன் ‘இன்னும் கொஞ்சம் அழகாக இரு’ என்கிறான். அவனுக்கு நடுவயது ஒரு தொடக்கம். அவளுக்கோ மகளைக் காவல் காப்பதும், கடலம்மா கதையை மகள் காதில் ஓதுவதுமே மிச்சம். அவளுக்கென்று ஒரு ஆசை இருந்திருக்குமா? தகழி கேட்கவில்லை.

மகள் கல்யாணத்தன்று சக்கி விழுகிறாள். அப்படியும் பழனியோடு கிளம்பிப் போ என்று மகளை அனுப்புகிறாள். அப்பன் மகளைத் தலைமுழுகுகிறான். தாய் செத்த செய்திகூடக் கறுத்தம்மாவுக்கு வீட்டிலிருந்து போவதில்லை, பரீக்குட்டி போய்ச் சொல்கிறான். அந்த நல்ல காரியமே அவள் வாழ்க்கையில் சந்தேகமாக வந்து விழுகிறது.

பிறகு, விதவையான பாப்பிக்குஞ்ஞுவைச் செம்பன்குஞ்ஞு கட்டிக்கொள்கிறான். கண்டன்கோரனின் தோணி, அடுத்து அவன் மனைவி. ஒருவனுடைய வாழ்வை மொத்தமாக விலைக்கு வாங்கிவிடலாம் என்று நம்புகிறான். வந்தவளோ துக்கமும் வறுமையும் கண்டவள், வளர்ந்த மகனுக்குத் தாய். இவன் அன்று பார்த்த பெண் அந்த வீட்டோடு போய்விட்டாள். மகனுக்கு ஒளித்துப் பணம் கொடுத்ததற்காக அவளைத் திருடி என்கிறது அந்த வீடு. சக்கியின் உழைப்பை எடுத்தவனை யாரும் திருடன் என்று சொன்னதில்லை.

தகழிக்கு இவையெல்லாம் தெரிந்தே இருந்தன. தெரியாமல் இந்தக் காட்சிகளை எழுதியிருக்க முடியாது. என் குறை வேறு. செம்பன்குஞ்ஞுவின் வீழ்ச்சிக்குப் பைத்தியம் என்ற பெரிய முடிவைக் கொடுக்கிறார், பரீக்குட்டியின் பணத்தை வீசிவிட்டுப் போகும் நாடகத்தையும் கொடுக்கிறார். படத்தில் கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயரின் நடிப்பு அவனை இன்னும் உயரத்தில் வைத்துவிட்டது. சக்கி நோயாளியாகப் படுத்து, நோயாளியாகவே போகிறாள்.

கடைசியில் கரையில் மிஞ்சுவது பஞ்சமி. சிற்றன்னை வந்த வீட்டில் இருக்க முடியாமல் அக்காளிடம் வந்தவள். கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் பிணமாக ஒதுங்குகிறார்கள், பழனியைக் கடல் கொண்டுபோகிறது. அக்காள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுகிறாள் அந்தச் சிறுமி. அவளுக்கு யார் சோறு போடப்போகிறார்கள் என்று நாவல் சொல்வதில்லை. கிழக்கே கூடை சுமந்து போகும் பாதை மட்டும் அங்கேயே இருக்கிறது.