கோபுரம் என்ற சொல்லும் கோலாலம்பூரும்

மலாய் மொழியில் 'மெனாரா' என வழங்கும் உயர்ந்த கட்டடங்களையெல்லாம் நாம் தமிழில் கோபுரம் என்றே எழுதி வருகிறோம். செய்தி எழுதுவோரும், வகுப்பறையில் பாடம் நடத்தும் நாமும் அச்சொல்லின் பொருளை நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. கருவறையின் மேல் எழுவது விமானம். வாயிலின் மேல் எழுவதே கோபுரம். தஞ்சைப் பெரிய கோயிலில் 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய விமானம் 200 அடிக்கு மேல் ஓங்கி நிற்க, வாயிற்கோபுரங்கள் அதற்கு அடங்கியே நிற்கின்றன. பிற்காலக் கோயில்களிலோ விமானம் சிறுத்தது; வாயில் வளர்ந்தது. ஆகவே, கோபுரம் என்பது வெறும் உயரமன்று. உள்ளே வருக என்று அழைக்கும் உயரமாகும். இவ்வளவுகோலைக் கொண்டு நம் தலைநகரின் வானளாவிகளை அளந்து பார்க்கலாம்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 1998இல் கட்டி முடிந்தது. 88 மாடிகள், 451.9 மீட்டர் உயரம். 2004இல் தைப்பே 101 அதனை விஞ்சும்வரை உலகின் மிக உயர்ந்த கட்டடம் என்னும் பெயரைப் பெற்றிருந்தது. அப்பெயரைப் பற்றி நாம் அளவுக்கு மீறிப் பெருமை கொள்ள வேண்டியதில்லை. சிக்காகோ நகரத்துச் சியர்ஸ் கட்டடத்தில் மக்கள் புழங்கும் மேல்தளம் இதனினும் உயரத்தில் உள்ளது. உச்சியில் உள்ள முடிகளையும் சேர்த்து அளந்ததால் வந்த வெற்றி அது. போற்றத்தக்கது வேறு.

இதனை வடிவமைத்தவர் சேசர் பெல்லி. ஒரு சதுரத்தின்மேல் மற்றொன்றைத் திருப்பி வைத்தாற்போன்ற எட்டுமுனை வடிவத்தை இசுலாமியக் கலையினின்றும் எடுத்துக்கொண்டு, அதன் உள்மூலைகளை வளைவுகளால் நிரப்பினார். மேலே செல்லச் செல்லப் படிப்படியாக ஒடுங்கும் அவ்வடிவம், கோயிற் சிகரங்களைக் கண்டு பழகிய நம் கண்ணுக்கும் அயலாகத் தோன்றுவதில்லை. ஆயினும் அவருடைய திறம் கட்டடங்களைவிட, இரண்டுக்கும் நடுவே விட்ட வெளியில்தான் மிகுதியும் விளங்குகிறது என்பேன். தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில், 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் பாலம் ஒன்றுண்டு. இருபுறமும் நிலைக்கால்கள், குறுக்கே விட்டம், நடுவே வானம். அஃது ஒரு வாயில் அன்றோ! பெல்லியும் அதனை அவ்வாறே கருதினார். பாலத்தின் முனைகளை அவர்கள் இறுகப் பிணைக்கவில்லை. காற்றில் ஒவ்வொரு கட்டடமும் தன் போக்கில் அசைய இடம் கொடுத்து அது நழுவும். நாம் எண்ணாமல் இட்ட 'கோபுரம்' என்னும் பெயர் இங்கே பொருந்திவிட்டது. காலடியில், முன்பு குதிரைப் பந்தயம் நடந்த திடலில், பிரேசில் நாட்டு பர்லே மார்க்ஸ் அமைத்த 50 ஏக்கர் பூங்கா இருக்கிறது. எவரும் கட்டணமின்றி அதில் உலவலாம். பூங்காவை நீக்கிவிட்டால் என் பாராட்டில் பாதி குறைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லத் தகும். முதலில் குறித்த இடத்தைத் தோண்டி ஆராய்ந்தபோது, அடியில் சுண்ணாம்புப் பாறை ஒரு புறம் சிதைந்தும் மறுபுறம் திண்ணியதாயும் இருந்தது. பொறியாளர்கள் கட்டடத்தையே ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி அமைத்தனர். சில கடைக்கால் தூண்களை 100 மீட்டருக்கும் ஆழமாக இறக்கினர். மண்ணின் சொற்கேட்டு எழுந்த உயரம் அது. கேளாது எழுந்ததற்கும் சான்று தொலைவில் இல்லை. 1993 டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் மூன்று கட்டடங்களுள் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டனர். அதற்கு மாடிகள் பன்னிரண்டே. பின்புறத்து மலைச்சரிவும், போதாத வடிகாலும், பல நாள் மழையும் அதனைத் தள்ளிவிட்டன. எத்தனை மாடி என்று கேட்குமுன் எந்த மண் என்று கேட்பதே முறை.

1873இல் தோன்றி, இன்று துன் எச். எஸ். லீ சாலையில் உள்ள மகா மாரியம்மன் ஆலயத்தின் ஐந்துநிலைக் கோபுரம் சுமார் 75 அடி. 2024 சனவரியில் திறந்துவைக்கப்பட்ட மெர்டேக்கா 118 அதற்கு அண்மையில் 678.9 மீட்டர் எழுந்து நிற்கிறது. ஏறக்குறைய 30 மடங்கு. அதன் உச்சியில் 160 மீட்டர் அளவுக்கு வெறும் ஊசியே. அதன் தொழில்நுட்பம் வியப்புக்குரியதே. ஆனால் வாயில் எங்கே என்று தேடினேன், எனக்குப் புலப்படவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் நிலை நம் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானது. நகரம் அத்தாப்பை விட்டுச் செங்கல்லுக்கு மாறிய காலத்தில் சூளைகள் இருந்த இடம் அது. அங்கே 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமத்தின் வளாகத்தில் 23 மாடி அடுக்குவீடுகள் எழுப்ப 2014இல் திட்டம் வந்தது. பழைய கட்டடம் அப்படியே இருக்கும் என்று திட்டமிட்டோர் கூறினர். நிலத்துக்கு உரியவர் வருவாய் தேடுவது குற்றமாகாது. ஆனால் 23 மாடிகளின் நிழலில் ஓர் ஆசிரமம் 'இருப்பது' என்பதற்கு என்ன பொருள்? பொதுமக்கள் எதிர்த்தனர், 2016இல் அது பாரம்பரியக் கட்டடமாக அரசிதழில் இடம்பெற்றது. அவ்வெதிர்ப்பு வெறும் பழமைப்பற்று என்று சிலர் எழுதியதை நான் ஏற்பதற்கில்லை. நகர நடுவில் மண் இடங்கொடுக்கும் அளவும் உயரலாம். பழைய தெருக்களில் மரங்களின் தலைக்கு மேலே போக வேண்டாம் என்பது என் துணிபு.

இடம் குறுகிய நகரில் ஏழைகளுக்கு வீடு வேண்டுமானால் மேலேதானே போக வேண்டும் என்பர். உண்மையே. தோட்டங்கள் விற்கப்பட்ட பின் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவற்றை நான் அறிவேன். என்னிடம் படித்த பிள்ளைகள் அவற்றில் உண்டு. லயத்து வீடு சிறிது. ஆனால் திண்ணை இருந்தது, வாசலில் முருங்கை இருந்தது, பிள்ளையைத் தாய் கூப்பிட்டால் கேட்கும். பத்தாம் மாடியில் மின்தூக்கி பழுதானால் பாட்டி கீழே இறங்குவது நின்றுவிடுகிறது. 88 மாடிக் கட்டடத்தில் மின்தூக்கி ஓயாமல் ஓடுகிறது. இவர்களுடையதைப் பழுது பார்க்கவோ வாரக்கணக்கில் ஆகிறது. அதுவரை அரிசி மூட்டையைப் படிவழியே தோளில் சுமக்கிறார்கள்.