தொகுப்பு மேசையில் முடிந்த அறுபதுகள்

ஒரு சின்னத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர். இயக்குநர் டேவிட் மேசல்ஸ் ரீலைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்துகிறார். பச்சை உடையில் ஒரு கறுப்பின இளைஞர், கையில் துப்பாக்கி, அவர்மீது இறங்கும் கத்தி. 1970இல் வந்த 'கிம்மி ஷெல்டர்' படத்தை ஆல்பர்ட், டேவிட் மேசல்ஸ் சகோதரர்கள் சார்லட் ஸ்வெரினுடன் சேர்ந்து இயக்கினார்கள். படத்துக்குள்ளேயே அதன் தொகுப்பு மேசையைக் கொண்டுவந்தது ஸ்வெரினின் யோசனை.

ஹிப்பி யுகத்தின் முடிவைப் பிடித்த படம் என்று இதைச் சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. 1969 டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கார் பந்தயத் திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்காகக் கூடிய ஏறத்தாழ 3 லட்சம் பேரில் பெரும்பாலோருக்கு அந்தக் கொலை நடந்ததே தெரியாது. அந்த நாளை யுகமுடிவாக ஆக்கியவை பத்திரிகைகளும் இந்தத் தொகுப்பு மேசையும்தான்.

தோளில் தூக்கிப்போகும் 16 மி.மீ. கேமராவும் அதோடு இசைந்தோடும் ஒலிப்பதிவுக் கருவியும் 1960 வாக்கில் வந்தன. அதன்பின், விளக்கும் குரலைக் குறைத்து நடப்பதைப் பின்தொடரும் 'நேரடி சினிமா' அமெரிக்காவில் வேர்விட்டது. அந்தப் பாணியில் வளர்ந்த இயக்குநர் பென்னிபேக்கர் 1967 மான்டரே இசைவிழாவைப் படமாக்கி, கடைசிக் கால்மணி நேரத்துக்கும் மேலாக ரவிசங்கரின் சிதாருக்கே விட்டுக்கொடுத்தார். மைக்கேல் வாட்லியின் 'உட்ஸ்டாக்' மூன்று மணி நேரத் திருவிழா; திரையை இரண்டாக, மூன்றாகப் பிளந்து காட்டிய படம். (அந்த விழாவின் முதல் நாளில் மேடையேறி ஆசியுரை வழங்கியவர் கோவை செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர்.) இரண்டு படங்களிலும் கேமரா கூட்டத்தோடு சேர்ந்து மயங்கிக் கிடக்கிறது.

ஆல்டமான்டில் அந்த மயக்கம் கலைகிறது. முதலில் பேசிவைத்த சியர்ஸ் பாயின்ட் திடல் கடைசி நேரத்தில் கைநழுவியது. பணத்தோடு, படத்தின் விநியோக உரிமை பற்றிய தகராறும் அதற்குக் காரணம். அங்கே மேட்டில் போடுவதற்காகத் திட்டமிட்ட மேடையின் உயரம் ஒரு மீட்டர் அளவுதான். புதிய இடத்தில் அது சரிவின் அடிவாரத்தில் வந்து உட்கார்ந்தது. கூட்டம் முழுவதும் அதன்மேல் சரிந்தது. காவலுக்கு நின்ற ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பலுக்குக் கூலி 500 டாலர் பீர் என்பார்கள். ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் மார்ட்டி பாலின் பாட்டுக்கு நடுவிலேயே அடிவாங்கி மயங்கி விழுந்தார்.

படம் எடுப்பதற்காகவே இப்படியொரு நிகழ்ச்சி உருவானது என்ற தொனியில் 'நியூ யார்க்கர்' இதழில் திரை விமர்சகர் பாலின் கேல் தாக்கினார். நேரடி சினிமாவின் கள்ளமற்ற தோற்றத்தின்மேல் விழுந்த அடி அது. மேசல்ஸ் எழுதிய மறுப்பை இதழ் வெளியிடவில்லை. கேல் மிகைப்படுத்தினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் விநியோக உரிமைக்கான சண்டை இடத்தையே மாற்றியபின், ஓரமாக நின்ற சாட்சி மட்டுமே என்று கேமரா சொல்லிக்கொள்ள முடியுமா? நீதிமன்றமோ அதைச் சாட்சியாகவே நடத்தியது. ஜூரிகள் அந்தக் கத்திக்குத்துக் காட்சியைப் பார்த்தார்கள். குத்தியவர் தற்காப்பு என்ற வாதத்தில் 1971இல் விடுதலையானார்.

என் குறை வேறு. இறந்த மெரிடித் ஹன்டருக்கு வயது 18. அவர் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று படம் கேட்கவே இல்லை. ஜாகரின் வாடிய முகத்தில் போய் நிற்கிறது. ஹன்டரின் பெயர்க்கல் இல்லாத கல்லறையைத் தேடிப்போக 2006இல் சாம் கிரீனின் குறும்படம் வரவேண்டியிருந்தது.

இப்படி விடுபட்ட கதை இன்னொன்றும் உண்டு. அதே 1969இன் கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பூங்காவில் கறுப்பின இசைவிழா ஒன்று நடந்தது. நீனா சிமோனும் ஸ்டீவி வொண்டரும் பாடினார்கள். பிளாக் பாந்தர் இயக்கத்தவர் காவல் நின்றார்கள். ஹால் டல்சின் அங்கே பதிவுசெய்த சுமார் 40 மணி நேரக் காட்சிகள் 2021இல்தான் குவெஸ்ட்லவ் இயக்கத்தில் 'சம்மர் ஆஃப் சோல்' ஆயின. இசைவிழாப் படங்களின் வரலாறு மான்டரே, உட்ஸ்டாக், ஆல்டமான்ட் என்று மூன்று ஊர்களோடு இத்தனை காலம் நின்றுபோனதற்கு, நான்காவது ஊரின் ரீல்களை வாங்க அன்று ஆள் இல்லாததே காரணம்.