சாட்சி சொன்ன கள்ளி

பேய்க்கதை கேட்போர் அஞ்சுவர்; வழக்குக் கதை கேட்போர் ஆராய்வர். இவ்விரண்டையும் நம்மை ஒருங்கே செய்ய வைப்பது பழையனூர் நீலி கதை. தொண்டை நாட்டுத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் இக்கதையின் குறிப்பு, 7-ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் தேவாரத்திலேயே உண்டு. ஆயினும் அது வில்லுப்பாட்டாக உயிர்பெற்றது நாஞ்சில் நாட்டில்தான். நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டோடும் முப்பந்தல் இசக்கியோடும் நீலியை இணைத்துப் பேசுவது இம்மண்ணின் வழக்கம்.

பாடபேதங்கள் பலவெனினும் கதையின் சாரம் இதுவே: நகைக்கு ஆசைப்பட்ட ஒருவன், தன்னை நம்பி வந்தவளைக் காட்டில் கொல்கிறான். அவள் அருகில் நின்ற கள்ளியைச் சாட்சியாக்கி உயிர் விடுகிறாள். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. தன்னைக் காக்கும் மந்திர வாளோடு அவன் பழையனூர் வருகிறான். நீலியோ கள்ளிக் கொப்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, 'இவர் என் கணவர்' என வேளாளர் எழுபதின்மர் அவையில் முறையிடுகிறாள்.

மறுபிறவி நம் கொள்கையன்று. எனினும் ஒன்றை நம்புவது வேறு. கதையின் விதியாக ஏற்றுச் சுவைப்பது வேறு. ஆயிரத்தொரு இரவுகளில், பேரீச்சங்கொட்டை பட்டுத் தன் மகன் மாண்டானென்று ஜின் ஒன்று வணிகனிடம் பழிகேட்கிறது. முதியவர் மூவர் ஆளுக்கொரு கதை சொல்லி, அவன் இரத்தத்தில் மூன்றிலொரு பங்கை ஆளுக்கொன்றாகப் பெற்று அவனை மீட்கின்றனர். அங்கே ஜின்னும் பேரத்துக்குக் கட்டுப்படுகிறது. இங்கே நீலி சட்டத்தையே ஆயுதமாக்குகிறாள்.

வாதி சான்று கொணர வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் நெறி. நீலி சான்றோடுதான் வந்தாள்! குழந்தை வணிகனை 'அப்பா' என்றழைத்தது. அவனுடைய அச்சத்தை அவையோர் குற்றவாளியின் நடுக்கமாகக் கொண்டனர். 'வாள் இருந்தால் என்னைக் கொன்றுவிடுவார்' என்று அவள் அழவே, அதனையும் பறித்தனர். அவனுயிருக்குத் தம்முயிரைப் பிணை வைத்து, இருவரையும் ஓரறையில் விட்டனர். விடிந்தபோது அவன் பிணம். சொன்ன சொல் தவறாது எழுபதின்மரும் தீப்புகுந்தனர்.

மாயம் செய்தது ஒரு குழந்தையை மட்டுமே. வணிகனை நிராயுதபாணி ஆக்கியது தீர்ப்பு. நாம் இக்கதையை வியப்பது இதற்காகவே.

அதனினும் நுட்பமானது கள்ளியின் கதி. கொலையைக் கண்ட அதே கள்ளிதான் பின்னர்க் குழந்தையாகி அவையேறுகிறது. உண்மையைக் கண்ட நாளில் அதனை அழைத்துக் கேட்க ஓர் அவை இல்லை. அவை கூடிய நாளில் அது பொய்யுரைத்தது. நீலியின் வழக்குப் பொய்; அவளுடைய குறை மெய். கோயில் கொடையில் இக்கதை கேட்டெழும் எவரும் எழுபதின்மருக்காக வருந்துவர். நீலியை வெறுக்க இயலாது தடுமாறுவர். அத்தடுமாற்றத்தைத் தீர்த்து வைக்காமல் முடிவதே இக்கதையின் பெருமை.