வேடர் சமூகத்திற் பெண் – ஒரு நோக்கு

ஆதிமனிதர் வாழ்வை ‘வேட்டைச் சமூகம்’ என்று பெயரிட்டழைப்பது வழக்கம். அப்பெயரைக் கேட்டதும் வில்லேந்திய ஆணின் உருவமே நம் மனத்தில் எழுகின்றது; கிழங்ககழ்ந்த பெண்ணுக்கு அதில் இடமில்லை. இக்குறையை மனங்கொண்டு, சி. ஜி. செலிக்மனும் அவர் துணைவியார் பிரெண்டா செலிக்மனும் 1911 இல் வெளியிட்ட ‘வேடர்’ என்னும் ஆங்கில நூலை நோக்குதல் பயனுடையது.

இலங்கை வேடரிடையே பெண்கள் ஆண்களுக்குச் சமமாக நடத்தப்பட்டனர் என்றும், இருபாலாரும் ஒரே உணவையே உண்டனர் என்றும் நூலாசிரியர் கூறுவர். ‘வருகே’ எனப்படும் குலம் தாய்வழியே பிள்ளைகளைச் சேர்ந்தது. மணச்சடங்கு இன்னும் சிந்தனைக்குரியது. மணப்பெண் தான் முறுக்கிய கயிற்றை மணமகனின் இடையிற் கட்டுவாள். அவன் அதனை அணிந்திருப்பான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆண் தாலி கட்டும் மணவிழாக்களையே கண்டு வளர்ந்த நமக்கு, கட்டுபவர் யார், கட்டப்படுபவர் யார் என்ற வினாவை இச்சடங்கு எழுப்புகின்றது.

ஆயின், இவற்றைக்கொண்டு வேடரிடையே பெண்ணாட்சி நிலவிற்று என முடிவுகட்டுதல் பொருந்தாது. மோர்கன் (1877), எங்கெல்ஸ் (1884) ஆகியோரைக் கற்ற நம்மவருட் சிலர் தாய்வழியையும் தாயாட்சியையும் ஒன்றெனக் கொள்வர். தாய்வழி என்பது மரபைக் கணிக்கும் முறை, அதிகாரம் வேறு. வேட ஆடவர் தம் மனைவியரை அந்நியர் கண்ணிற் படாது காத்தனர் என்ற செய்தியும் அதே நூலில் உண்டு. ஒன்றை எடுத்து மற்றதை விடுதல் ஆய்வாகாது.

சமத்துவத்தின் வேரை உழைப்பிலேயே தேடவேண்டும். ஆடவர் வேட்டையாடினர், தேனெடுத்தனர், பெண்கள் கிழங்ககழ்ந்தனர். வேட்டை பொய்க்கும் நாளிலும் கிழங்கு கிடைக்கும். 1960களிற் கலகாரிப் பகுதியின் குங் மக்களை ஆராய்ந்த ரிச்சர்ட் லீயும், அவர்தம் உணவிற் பெரும்பகுதி பெண்கள் திரட்டிய தாவர உணவே எனக் கண்டார். குருவிற்றைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலெனக் குகையிற் சிரான் தெரணியகல நடத்திய அகழ்வில் விலங்கெலும்புகளோடு கருகிய கெக்குணக் கொட்டைகளும் நத்தை ஓடுகளும் கிடைத்தன. இவற்றைத் திரட்டிய கை ஆணுடையதா பெண்ணுடையதா என்பதை அவை கூறா. எனினும், வேட்டை மட்டுமே அம்மக்களின் வாழ்வன்று என்பது தெளிவு. நம் பெரும்பாணாற்றுப்படையும் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கும் எயிற்றியரைக் காட்டுகின்றது. அப்புலவருக்குத் தெரிந்த பெண் ‘வேட்டைச் சமூகம்’ என்ற சொல்லில் மறைந்துபோனாள்.

தன் உணவைத் தானே தேடவல்ல பெண் எவரிடமும் கையேந்தவேண்டியதில்லை; காடும் எவர் பெயரிலும் எழுதப்பட்டதன்று. இவ்வடிப்படை தகர்ந்தால் நேர்வது யாது? 1983 இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபின் வேடர் குடும்பங்கள் பல காட்டைவிட்டு மகாவலிக் குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. அக்குடியேற்றத் திட்டத்தில் காணி குடும்பத் தலைவர் பெயரில், அதாவது பெரும்பாலும் ஆணின் பெயரிலேயே வழங்கப்பட்டது. கிழங்ககழ்ந்த கைக்குக் காடுமில்லை, காணியுமில்லை என்றாயிற்று.

ஆகவே, ஆதிச் சமூகத்துப் பெண்ணை ஆய்தல் பழம்பெருமை பேசுதற்கன்று. பெண்ணின் தாழ்நிலை இயற்கை விதித்ததன்று, வரலாற்றில் விளைந்தது என்பதை உணர்தற்கே அவ்வாய்வு வேண்டப்படுகின்றது. வரலாற்றில் விளைந்ததை வரலாற்றில் மாற்றவும் கூடும்.