சினப் பட்டியலில் நேரம் எழுதியபோது

போகும் பாதை சரிதானா என்று அவ்வப்போது நின்று பார் என்று சொல்லாத பெரியவர்கள் நம்மிடம் இல்லை. எப்படி நின்று பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தவர்கள்தாம் குறைவு. அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் வேதாத்திரி மகரிஷி. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கியவர். அவர் வகுத்த மனவளக்கலை என்ற பயிற்சி முறையில் தவம், உடற்பயிற்சி ஆகியவற்றோடு சேர்த்துக் கற்பிக்கப்படுவது அகத்தாய்வு. ஆழியாறு அறிவுத் திருக்கோயிலிலும் ஊர்களில் உள்ள மன்றங்களிலும் இன்றும் நடக்கும் இந்தப் பயிற்சியை நானும் செய்தவன். அதனால் கிடைத்த நன்மையையும் அதில் நான் கண்ட குறையையும் சேர்த்தே எடைபோட விரும்புகிறேன்.

எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியில் ‘நான் யார்’ என்ற விசாரம். அகத்தாய்வின் வரிசை இது. காட்டுக்கோ மலைக்கோ போக வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஆசைகளை எழுதி, இது தேவையா, இதற்கு வசதி உண்டா, விளைவு நல்லதாக இருக்குமா என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். யார் யார் மேல் கோபம் வருகிறது, எத்தனை முறை வருகிறது என்று பட்டியல் போட வேண்டும். கவலைகளை நான்காகப் பிரிக்க வேண்டும்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை.

இந்த முறையின் பலம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. மனத்துக்குள்ளேயே யோசிக்கும்போது நமக்கு நாமே வக்கீலாகிவிடுகிறோம். ‘எனக்குக் கோபமே வராது, எப்போதாவதுதான்’ என்று சொல்லிக்கொள்கிறோம். நான் பட்டியல் போட்ட முதல் வாரத்தில் மேலே வந்த பெயர் என் மகளுடையது. அவளுக்கு அப்போது எட்டு வயது. ஏழு நாளில் பதினோரு முறை. அந்த எண்ணைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நெருங்கியவர்கள் மேல்தான் சினம் அதிகம் பாய்கிறது என்று மன்றத்தில் கேட்டிருந்தேன். கேட்டபோது உறைக்காதது, என் கையெழுத்தில் பார்த்தபோது உறைத்தது.

சொல்லித் தந்தபடி அவளை மனதில் நிறுத்தி ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்தினேன். குரல் தணிந்தது, ஆனால் உள்ளே இருந்த கொதிப்பு அடங்கவில்லை. அடுத்த வாரம் பட்டியலின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, கோபம் வந்த நேரத்தையும் எழுதத் தொடங்கினேன். எல்லாமே காலை ஏழரைக்கும் எட்டேகாலுக்கும் நடுவில் இருந்தது. அவள் ஷூ லேஸ் கட்டத் தாமதிக்கும் நேரம் அது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அன்றைய இலக்குகள் வரிசையாக வந்து விழும் நேரமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் குழு மௌனம். அன்று மகள் எத்தனை தாமதித்தாலும் எனக்குக் கோபம் வரவில்லை.

என் முதல் விமர்சனம் இங்கே பிறக்கிறது. அகத்தாய்வு கோபத்தைத் தவிர்க்க வேண்டிய ஒன்றாக எடுத்த எடுப்பில் வைத்துவிடுகிறது. என் கோபமோ ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. நான் திருத்த வேண்டியிருந்தது என் குணத்தை மட்டுமல்ல, என் வேலை என் வீட்டுக்குள் எதுவரை நுழையலாம் என்பதையும்தான். வாழ்த்தோடு நிறுத்தியிருந்தால், பொறுமைசாலியாகி அதே தவறான பாதையில் இன்னும் பத்து வருடம் நடந்திருப்பேன். மனத்தைச் சீராக்குவது வேறு, திசையைச் சரிபார்ப்பது வேறு. இந்தப் பயிற்சி முதலாவதை நன்றாகச் செய்கிறது. இரண்டாவதை நம்மிடமே விட்டுவிடுகிறது.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. கவலைகளை நான்காகப் பிரிப்பது மிக நல்ல கருவி. குழம்பிக் கிடக்கும் மனத்துக்கு அதுவே பாதி ஆறுதல். ஆனால் எந்தக் கவலை எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று தீர்மானிப்பது யார்? எங்கள் தெருவில் ஒரு அக்கா தன் நோட்டை ஒருமுறை என்னிடம் நீட்டி, “சரியா எழுதியிருக்கேனா பாரு தம்பி” என்றார். ‘அவர் குடிப்பது’ என்ற வரி, ‘அனுபவித்தே தீர வேண்டியவை’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. பக்கத்திலேயே, அதே கட்டத்தில், ‘அம்மாவின் மரணம்’. இரண்டையும் அவர் ஒரே மையில், ஒரே அமைதியோடு எழுதியிருந்தார். ஒன்று யாராலும் மாற்ற முடியாதது. மற்றது அப்படி இல்லை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அடங்கிப்போகப் பழக்கப்பட்டவர்கள் தனியாக உட்கார்ந்து ஆராய்ந்தால், ஊர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விடையே தங்கள் விடையாக வந்து நிற்கும். நம் பெண்களுக்கு இது அதிகம் நடக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தன்னையே திரும்பத் திரும்ப நினைத்து மருகுவது மனச்சோர்வை வளர்க்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆண்டு ஆய்வுகளில் காட்டினார். அகத்தாய்வு வெறும் மருகல் இல்லை. எழுதி, பிரித்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவதால் அது அந்தச் சுழலிலிருந்து வெளியே வர உதவக்கூடும். ஆனாலும் கடும் மனச்சோர்வில் இருப்பவர் தன் குறைகளைத் தனியாகப் பட்டியல் போட உட்காரக் கூடாது. அவருக்கு முதலில் தேவை மருத்துவர்.

இத்தனைக்குப் பிறகும் நோட்டைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பதினோரு கோபங்களை எனக்குக் காட்டியது அதுதான். இரண்டு மாற்றங்களை மட்டும் கேட்கிறேன். சினத்தை நீக்கும் முன் அது எப்போது, எதனால் வந்தது என்று எழுதுங்கள். கவலைகளைப் பிரித்து முடித்ததும், முதல் கட்டத்தை மட்டுமாவது நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள்.

அன்று அந்த அக்காவிடம், “இந்த ஒரு வரியை மட்டும் நாலாவது கட்டத்துக்கு மாத்தலாமாக்கா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பேனாவை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.