முனகாத நோயாளி

கே. சி. கிளார்க் அம்மையார் 1939இல் வெளியிட்ட எக்ஸ்-கதிர்ப் படப்பிடிப்பு நூல், திருத்திய பதிப்புகளாக இன்றும் மாணவர் கையில் உலவுகிறது. உடலை எவ்வாறு கிடத்துவது என்று விளக்குவதில் அதற்கு இணை அரிது. ஆனால் அதன் படங்களில் யாரும் முனகுவதில்லை!

கொல்லிமலையில் வழுக்கி விழுந்த முதியவர் ஒருவர், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாமக்கல் வந்து சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புப் படத்திற்குக் காலைச் சுமார் 15 பாகை உட்புறம் திருப்புவது வழக்கம். எலும்பு முறிந்திருக்கலாம் எனில் திருப்பவே கூடாது. கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்திப் பக்கவாட்டுப் படம் எடுக்க வேண்டும். இவ்விதியை ஏட்டில் படித்துவிடலாம். முனகலைக் கேட்டதும் கையை நிறுத்தும் பழக்கமோ, மூத்தவர் அருகிருக்க மருத்துவமனையில் பழகினாலன்றி வாராது. பயிற்சிக் காலத்தைப் பதிவேடு எழுதுவதிலேயே கழிக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே, சேருமுன் கேளுங்கள்: மேற்பார்வையில் நாங்களே எத்தனை பேருக்குப் படம் எடுப்போம்?